ஏழாவது ராடில் தண்ணீர்

எங்கள் ஊரில் தரை சுட்டால் தண்ணீர் தெளிப்போம். இங்கே தரை சுடுவதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இதை எழுதும் காலை வேளையில் வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. நானோ கனடாவின் ஒரு சிறு நகரத்தில், என் மகன் வீட்டில், வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறேன். என் அறைக் கதவிலிருந்து சமையலறை வரை இருபத்திரண்டு எட்டு. இருபத்திரண்டு எட்டிலும் பாதத்துக்கு இதமான சூடு, மாசி மாதத்து வெயில் பட்ட களம் மாதிரி. அடுப்பு இல்லை, புகை இல்லை, சத்தம்கூட இல்லை. சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மண்ணுக்குள்ளிருந்து என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் மண் மட்டும் அதைக் கொடுக்கவில்லை. என்னையும் கொஞ்சம் எடுத்துத்தான் இந்தத் தரை சுடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ராசிபுரம், வெண்ணந்தூர்ப் பக்கத்து நண்பர்கள் படிக்க வேண்டும். பிள்ளைகளோடு வந்து என்னைப் போல இங்கே தங்கிவிட்ட பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையும் எண்ணாமல் கடந்து போக எனக்குத் தெரியாது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு வீடு, ஆறரை ஏக்கர் மேட்டுக்காடு; எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம். மனைவி போன பிறகு, "தனியா எதுக்குங்கப்பா கெடந்து சீரழியறீங்க, எங்ககூட வந்துருங்க" என்று மகன் செந்தில் கூப்பிட்டான். வந்து நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. செந்திலும் நல்லவன், மருமகள் கவிதாவும் நல்ல பெண். ஆனாலும் எனக்கு எழுபத்தாறு வயது. இனி என் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. வருகிற தை மாதம் திரும்பிவிடுவதென்று ஆடியிலேயே சொல்லிவிட்டேன். போய்வருவது அல்ல, திரும்பிவிடுவது. ஊர் வீட்டுச் சாவி எப்போதும் என் ஸ்வெட்டர் பையில்தான் இருக்கும். நடுவிரல் நீளம், பழைய இரும்பு. "தை வரட்டுங்கப்பா. டிக்கெட் வெல எறங்கட்டும்" என்றான் செந்தில். நானும் விலை இறங்கக் காத்திருந்தேன்.

ஆடிக்குப் பிறகு எனக்கு அடுத்தடுத்து மூன்று நல்லவை நடந்தன. முதலாவது, எனக்கு வந்த சாதாரண இருமலுக்கு செந்தில் விடுப்புப் போட்டுவிட்டு என்னை நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போனான். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள், தாள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது, அதுவரை பேஸ்மென்ட் என்னும் நிலவறையில் இருந்த என் கட்டிலை வெயில் விழும் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்கள். "மாமா, இனிமே இதுதான் உங்க ரூமு" என்று கவிதா புது ஜமுக்காளம் விரித்தாள். மூன்றாவது, அந்த வீட்டு முகவரிக்கு என் பெயர் போட்டு அலுவலகக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நான்கு ஆண்டுகளில் இங்கே என் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. மூன்றையும் ஊரில் இருக்கும் நாச்சிமுத்துவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டேன். நாச்சிமுத்து என் அடுத்த காட்டுக்காரன், வயதில் எனக்கு இரண்டு குறைவு, என் தென்னைக்குத் தண்ணீர் விடுபவன். "உங்களுக்கென்னங் வாத்தியாரே, ராசா மாதிரி வச்சிருக்கறாங்க. என்ற பையனெல்லாம் நான் இருமுனா டிவி சத்தத்த ஏத்தறான்" என்றான்.

இனி அந்தச் சூட்டுக் கதை. இந்த வீட்டைச் சூடாக்க முன்பு எரிவாயுவில் ஓடும் ஃபர்னஸ் ஒன்று இருந்தது. அது மணிக்கு ஏழு முறை உறுமிக்கொண்டு எழும். அதை எடுத்துவிட்டு, வெளியே இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தள்ளும் ஹீட் பம்ப் வைத்தால் செலவில் ஒரு பங்கை மானியமாகத் தருகிறார்கள். எரிபொருள் மிச்சம், புகை மிச்சம் என்று அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு. ஹீட் பம்பில் ஒரு வகை நிலத்தடிச் சூட்டை இழுப்பது. மேலே பனி உறைந்தாலும் ஆழத்தில் மண் உறைவதில்லை. அதனால் கொல்லையில் நானூறு அடிக்கு இரண்டு குழி போட்டு, குழாய் இறக்கி, அதில் ஒரு திரவத்தைச் சுற்றவிட்டு, அது ஏந்திவரும் வெதுவெதுப்பைப் பெருக்கித் தரைக்குக் கொடுக்கிறார்கள். இதற்குச் செலவு அதிகம், மானியமும் அதிகம். செந்தில் இதைச் சொன்னபோது எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: கொல்லையில் போர் போடப் போகிறார்கள்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, என்றால் எங்கள் பக்கத்து ஆளுக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இந்தியாவில் இல்லை என்பார்கள். என் காட்டில் மட்டும் நான்கு போர் போட்டேன். துளைத்துக்கொண்டு இறங்கும் இரும்புத் தண்டுதான் ராடு; ஒரு ராடு இருபது அடி. காட்டுக்காரன் பக்கத்தில் நின்று ராடை எண்ண வேண்டும்; எண்ணாதவனுக்கு அடிக்கணக்கு நீளும். கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் கை ஜாடைதான். ஒரு விரல் காட்டினால் இன்னொரு ராடு. இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போலக் காட்டினால் போதும், நிறுத்து என்று அர்த்தம். தண்ணீர் பீறிட்டதும் முதலில் செய்வது அந்தப் பெருக்கல் குறிதான். அதற்கு மேல் ஒரு ராடு இறக்கினாலும் வீண் செலவு. சிலசமயம் கிடைத்த ஊற்றும் கீழே ஏதாவது வெடிப்பில் இறங்கிப் போய்விடும். நான்கில் இரண்டில் எனக்கு அந்தக் குறியைக் காட்டும் பாக்கியம் கிடைத்தது. மற்ற இரண்டும் புகைப் போர். ஆயிரம் அடிக்கு மேல் போயும் வெள்ளைப் பாறைமாவுதான் பறந்தது. ஆடோ பிள்ளையோ தவறி விழுந்துவிடக் கூடாதென்று அந்த இரண்டுக்கும் இரும்பு மூடி போட்டு, மேலே கல்லும் தூக்கி வைத்திருக்கிறேன்.

இங்கே வந்த ரிக் வண்டி எங்கள் வண்டியில் பாதிதான் இருந்தது. ஓட்டுபவர் பெயர் பிரையன், சிவப்புத் தாடி. காலையில் நான் வண்டியின் முன் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். பிரையன் அதை எடுத்துத் துடைத்து, என்னிடம் நீட்டி, "யூ ட்ராப்ட் திஸ், சார்" என்றார். நான் மறுபடியும் வைத்தேன். அவர் மறுபடியும் எடுத்தார். மூன்றாம் முறை அவர் யோசித்துவிட்டு "தேங்க் யூ" என்று சொல்லிப் பழத்தைத் தன் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார். சக்கரத்தடியில் நசுங்க வேண்டிய திருஷ்டி பெட்டிக்குள் போனதில் எனக்குக் கொஞ்சம் கலக்கம். முதல் குழி அன்று மாலைக்குள் முடிந்தது. இருபது ராடு, எண்ணினேன், சரியாக இருந்தது. பெரிதாகத் தண்ணீர் இல்லை.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. செந்திலும் கவிதாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். சமையலறை ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு. ஏழாவது ராடு பாதி இறங்கும்போது தண்ணீர் வந்தது. கசிவு அல்ல. ரிக் கூரைக்கு மேலே எழுந்து, பிரையனின் மஞ்சள் தொப்பியில் விழுந்து, கொல்லை முழுக்க ஓடியது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கண்ணாடி. நூற்று நாற்பது அடிக்குள்! கோட்டு போடவில்லை, காலுறையோடு ஓடினேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி காட்டினேன். பிரையன் உடனே இயந்திரத்தை நிறுத்தினார். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவது இங்கே சட்டமாம். "நிறுத்தவா? நிச்சயமாகவா?" என்று கேட்டார். "யெஸ், யெஸ், எனஃப்! வெரி குட் வாட்டர்!" என்று நான் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் குடித்துக் காட்டினேன். பல் கூசியது, ஆனால் இனித்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செந்திலுக்கு இரண்டு முறை போன் அடித்தார், அவன் எடுக்கவில்லை. மதியத்துக்குள் ராடுகளை உருவிக்கொண்டு, குழிக்கு ஒரு தற்காலிக மூடி போட்டுவிட்டு, அடுத்த வேலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் வந்த செந்தில் கொல்லையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏனுங்கப்பா, உங்கள யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"தண்ணி வந்துருச்சு சாமி. ஏழாவது ராடுலயே."

"தண்ணிக்காங்கப்பா போடறோம்? சூட்டுக்குப் போடறோமுங்க. தண்ணி வந்தா அவங்களுக்கு எடஞ்சல். குழாய எறக்கிட்டுக் களிமண்ணு கொழம்ப ஊத்தி அடச்சிருவாங்க."

"அடச்சிருவாங்களா?"

"ஆமாங்க. சட்டமே அதுதான்."

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் நாச்சிமுத்துவிடம் சொன்னபோது அவனும் நம்பவில்லை. "நூத்தி நாப்பதடியிலீங்களா? இங்க ஆயரத்தி எரநூறு போட்டு ஊதுனா மாவுதானுங்க பறக்குது! வந்த தண்ணிய அடைக்கறாங்களா? அந்த ஊருல புத்தி சொல்ல ஒரு பெரிய மனுசன் இல்லீங்களா?" என்றான். "நாந்தான் இருக்கேன்" என்றேன். "அப்ப நெலம மோசந்தான் போங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

புதன்கிழமை மானியம் தரும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார், அதனால் எனக்கு அவரைப் பிடித்தது. செந்தில் விடுப்புப் போட்டிருந்தான். அவர் செந்திலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து உட்கார்ந்தார். "வேலையை நீங்கள்தான் நிறுத்தச் சொன்னீர்கள் என்று எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. உங்களுக்கு இதில் ஆட்சேபம் ஏதாவது இருக்கிறதா? யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் புரியும், கேள்விதான் புரியவில்லை. வீடு மகனுடையது, என் ஆட்சேபம் எதற்கு என்றேன். "ஏனென்றால் இது உங்கள் விண்ணப்பம்" என்று சொல்லி, கையிலிருந்த பலகைக் கணினியை என் பக்கம் திருப்பினார்.

மேலே என் பெயர் இருந்தது. அதன் கீழே நான்கு வரிகள். ஒன்று, இவர் இந்த வீட்டில் நிரந்தரமாக வசிக்கிறார். இரண்டு, இவருக்கு உலகில் வேறெங்கும் வீடு இல்லை. மூன்று, இவருக்குக் குளிர் தாங்காத நுரையீரல் நோய் இருக்கிறது. நான்கு, இவர் இன்னும் ஐந்து ஆண்டுகள் இதே வீட்டில் வசிப்பார். ஆண்டில் ஆறு வாரத்துக்கு மேல் வெளியூர் போகமாட்டார். இப்படி ஒரு முதியவர் இருக்கும் வீட்டுக்கு மானியம் ஒரு மடங்கு கூடுதலாம். அவர் போய்விட்டால் கூடுதல் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். அடியில் என் கையெழுத்து. என்னுடையதுதான், 'ந'வுக்கு நான் போடும் சுழியை வேறு யாரும் போட முடியாது. புரட்டாசியில் ஒரு நாள் செந்தில் தன் போனை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா, கரண்டு கம்பெனிக்காரன் கேக்கறான்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடி போடாமல் விரலால் போட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு எழுது என்று சொன்னவன், படிக்காமல் போட்டேன்.

மருத்துவர், அறை, கடிதம். மூன்று நல்லவையும் வரிசையாக வந்து எதிரே நின்றன. மருத்துவர் தாள் மூன்றாம் வரிக்கு. கீழ்த்தள அறையும் என் பெயருக்கு வந்த கடிதங்களும் முதல் வரிக்கு. இரண்டாம் வரிக்கு மட்டும் செந்திலால் தாள் வாங்க முடிந்திருக்காது. அதற்கு என் வாய்தான் வேண்டும்.

செந்தில் எழுந்து நின்று, சிரித்த முகம் மாறாமல், தமிழில் சொன்னான்: "ஆமான்னு மட்டும் சொல்லுங்கப்பா. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

அந்தப் பெண்மணி நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார். முதலாவதற்கு யெஸ் என்றேன். இரண்டாவதைப் படிக்கும்போது என் வலது கை ஸ்வெட்டர் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். செந்திலின் குரல்வளை மேடு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோதும் அது அப்படித்தான் ஏறி இறங்கியது. யெஸ் என்றேன். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் யெஸ். போரை நிறுத்தியது ஏன் என்று கேட்டார். "ஓல்ட் ஹேபிட்" என்றேன். அவர் சிரித்தார், எழுதிக்கொண்டார். போகும்போது என் தோளைத் தொட்டு, "இப்படி ஒரு மகன் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

கதவு சாத்தியதும் நான் கத்துவேன் என்று செந்தில் எதிர்பார்த்திருப்பான். "எனக்கு ஊடு இல்லைன்னு எழுதிட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டேன்.

"அது வெறும் ஃபார்முங்கப்பா. எல்லாரும் பண்றதுதான்." பிறகு சொன்னான்: "சொட்டு நீருக்கு நீங்க அப்பாருவ வச்சுப் பண்ணலீங்களா? அந்த ஃபார்மையும் நாந்தானுங்க நெரப்பினேன்."

அப்பாரு என்றால் அவனுடைய தாத்தா, என் அப்பா. அவன் சொன்னது உண்மை. சொட்டு நீர்க் குழாய் போடுவதற்கு, ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு முழு மானியம். அதற்கு மேலே போனால் கொஞ்சம் நாம் போட வேண்டும். என்னிடம் இருந்தது ஆறரை. மூன்று ஏக்கரை அப்பா பெயருக்கு எழுதிவைத்தேன். எண்பது தாண்டிய மனிதரை ராசிபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய் ரேகை வைக்க வைத்தேன். பெங்களூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த செந்தில் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தான். குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, குழாய் வந்தது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். தப்பு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பாருகிட்ட நான் கேட்டேன்" என்றேன். "எதுக்குன்னு சொன்னேன். நீ எங்கிட்டக் கேக்கல."

"கேட்டா நீங்க போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்."

கவிதா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு எதையோ கழுவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்று, எண்ணிப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு மட்டும் தெரியவில்லை.

அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு நான் சொன்னதையே திரும்ப யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன்தான். "என்னத்துக்கு சாமி?" என்றார். "சொட்டு நீருக்குங்கப்பா" என்றேன். "சரி சாமி" என்றார். என் வீட்டில், நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் வேறு என்ன சொல்லியிருப்பார்? அதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று உண்டு. ரேகை வைத்த மறுநாளும் அவர் தன் காட்டுக்குத் தானே நடந்து போனார், தன் கட்டிலில் படுத்தார், மூன்று வருடம் கழித்துத் தன் வாசலிலிருந்தே கடைசியாகக் கிளம்பினார். அவருக்கு வீடு இல்லை என்று நான் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து பிரையன் வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாகக் காட்டிச் சிரித்தார். கேலி இல்லை, நட்புதான். நான் ஒரு விரல் காட்டினேன். அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் வேலையைத் தொடங்கினார். பழைய ஏழும் மீதிப் பதின்மூன்றுமாக இருபது ராடும் இறங்கின. ஜன்னலில் நின்று எண்ணினேன். குழாயை இறக்கினார்கள். பிறகு ஒரு தொட்டியில் சாம்பல் நிறக் குழம்பைக் கலக்கி, அடியிலிருந்து மேலே வரை நிரப்பினார்கள். கடைசியாக வெளியே தள்ளப்பட்ட தண்ணீர் கொல்லையில் ஓடி, வேலிக்கடியில் தேங்கி, மறுநாள் காலை கண்ணாடிப் பாளமாக உறைந்து கிடந்தது. குழி இருந்த இடத்தில் இப்போது ஒரு வட்ட இரும்பு மூடி. ஊரில் இரண்டு, தண்ணீர் வராததால் நான் மூடியவை. இங்கே ஒன்று, தண்ணீர் வந்தும் மூடியது.

செந்தில் என்னை நடத்துவதில் குறை ஒன்றும் இல்லை. இப்போது முன்னைவிட அதிகமாகவே கவனிக்கிறான்; அதுதான் தாங்க முடியவில்லை. "ஆறு வாரத்துக்கு வேணும்னா போய்ட்டு வரலாமுங்கப்பா, நானே டிக்கெட் போடறேன்" என்கிறான். என் வீட்டுக்கு நான் விருந்தாளியாகப் போய்வரலாம். ஐந்து ஆண்டு முடியும்போது எனக்கு எண்பத்தொன்று. கையெழுத்து என்னுடையது, நான்கு யெஸ்ஸும் என் வாயால் சொன்னவை. ஒரே ஒரு முறை நோ என்றிருந்தால் தையில் கிளம்ப முடிந்திருக்கும். அவன் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, என் முகத்தில் விழிக்காமல் இருந்திருப்பான். இதில் எது பெரிய எண் என்று ஒரு கணக்கு வாத்தியாருக்கே விளங்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: போனை நீட்டினால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை காத்திருக்கட்டும்.

நேற்று நாச்சிமுத்து கூப்பிட்டான். "தை பொறக்கப் போவுதுங் வாத்தியாரே. ஊட்டக் கூட்டி வுடச் சொல்லட்டுங்களா? எப்பங் வாரீங்க?" என்றான். "வாரேன்" என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. "சாவி உங்ககிட்டத்தானுங் இருக்குது, பத்தரமா வச்சிருக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

போனை வைத்துவிட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்துக் குளிரில் நின்றிருந்ததால் இரும்பு சில்லென்றிருந்தது. குனிந்து அதைத் தரையில் வைத்தேன். வெளியே மூடியின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. இருநூறு எண்ணிவிட்டு எடுத்தேன். வெண்ணந்தூர் வெயிலில் வாசற்படியில் மறந்துவிட்டு வந்ததை எடுத்தது போல, சாவி கையில் சுட்டது.